கத்தரிப்பூ நிறத்துக்குப் பக்கத்தில்

செண்டுடுக் என்ற ஊதாக் காட்டுப்பூவை முதன்முதலாக எண்ணெய் வண்ணத்தில் தீட்டி முடித்து, ஈரம் காயாத கேன்வாஸை வீட்டு முன்வாசல் சுவரில் சாய்த்து வைத்த அன்று, அம்மா நெடுநேரம் அதன் முன்னால் நின்றார். "பூ பூவாத்தான் இருக்குய்யா, ஆனா உயிரு இல்லையே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்தப் பூவுக்காக நான் ஈப்போவுக்குப் பேருந்தில் போய், கடையில் இருந்ததிலேயே அடர்ந்த ஊதா வண்ணக் குழாயைத் தேடி வாங்கி வந்திருந்தேன். அதைவிடத் தூய ஊதாவை நான் எங்கே போய்த் தேடுவது என்பதுதான் அன்றைக்கு என் கவலையாக இருந்தது. தேட வேண்டியது ஊதாவை அல்ல, அதன் பக்கத்தில் நிற்க வேண்டிய நிறத்தை என்பது எனக்குப் பிடிபடப் பல ஆண்டுகள் ஆயின. அம்மாவுக்கோ அது சேலைக் கடையிலேயே தெரிந்திருந்தது.

நாங்கள் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில். ஈப்போவுக்கு வடக்கே, குவாலா கங்சார் போகும் வழியில் இருக்கும் தோட்டப் பட்டணம். நான் பிறந்த தோட்டத் தொழிலாளர் லயத்தைச் சுற்றி ரப்பர்ப் பால்மரங்கள் நின்றன. இன்று அங்கே செம்பனை நிற்கிறது. மரம் மாறினாலும் மாறாமல் இருப்பது வடிகால் ஓரங்களிலும், தண்டவாளத்தின் இரு புறங்களிலும், வெட்டிப் போட்ட நிலத்திலும் யாரும் நடாமலே முளைத்து நிற்கும் செண்டுடுக் புதர்தான். ஐந்து இதழ், சிவப்புச் சாயல் ஏறிய ஊதா, நடுவில் பத்துக் கேசரங்கள். அவற்றில் ஐந்து நீண்டு வளைந்து இதழின் நிறத்திலேயே இருக்கும். மற்ற ஐந்தும் குட்டையாக, மஞ்சளாக இருக்கும். பழத்தைத் தின்றால் நாக்கு கறுத்துப் போகும். செடியின் தாவரவியல் பெயரான மெலஸ்டோமா என்பதற்குக் கிரேக்க மொழியில் கரிய வாய் என்றுதான் பொருள் என்பதைப் பின்னாளில் படித்தபோது, பள்ளி விட்டு வரும் வழியில் ஒருவருக்கொருவர் நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்ட நாள்கள் நினைவுக்கு வந்தன. நம் பக்தி இலக்கியம் திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்கிறதே, அந்தக் காயாவும் இதே குடும்பத்துச் செடிதான். கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகள் தங்கள் பாட்டில் இருந்த பூவின் உறவுக்காரப் பூவைத் தெரியாமலே பறித்து விளையாடியிருக்கிறோம் என்ற எண்ணம் எனக்கு இன்றும் இனிக்கிறது.

முதல் படம் ஏன் செத்தது என்பதை இப்போது என்னால் துல்லியமாகச் சொல்ல முடியும். அதற்கு முன்பு வீட்டிலிருந்த அல்ட்ராமரின் நீலத்தையும் கேட்மியம் சிவப்பையும் கலந்து பார்த்திருந்தேன். வந்தது ஊதா அல்ல, பழைய செங்கல்லைப் போன்ற ஒரு பழுப்பு. கேட்மியம் சிவப்பில் ஆரஞ்சின் சாயல் உண்டு. ஆரஞ்சில் மஞ்சள் உண்டு. மஞ்சள் ஊதாவின் எதிர்நிறம், அதாவது வண்ணச் சக்கரத்தில் அதற்கு எதிரே நிற்பது. எதிர்நிறங்கள் தட்டில் கலந்தால் ஒன்றையொன்று கொன்றுவிடும், கேன்வாஸில் பக்கம் பக்கமாக நின்றால் ஒன்றையொன்று தூக்கிவிடும். இந்தக் கட்டுரையின் பாதி இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. ஆனால் அன்று அதை அறியாமல், கலவை வேண்டாம், குழாயே போதும் என்று டயாக்சசின் ஊதாவை வாங்கினேன். குழாயிலிருந்து பிதுக்கினால் அது கிட்டத்தட்டக் கறுப்பாகத்தான் தெரியும். ஒரு கடுகளவே ஒரு கரண்டி வெள்ளையை நிறம் மாற்றிவிடும் அளவுக்கு வீரியம் உள்ளது. அதை வெள்ளையோடு கலந்து இதழ்களை நிரப்பினேன், நிழலுக்குக் கறுப்பைச் சேர்த்தேன், இலைகளுக்குப் பச்சைக் குழாயை அப்படியே பயன்படுத்தினேன். வெள்ளை ஏற ஏற அந்த ஊதா குளிர்ந்து, நீலம் பாய்ந்து, பால் கலந்த மையைப் போல ஆனது. பக்கத்தில் இருந்த பச்சையோ பூவைவிடக் கூர்மையாகக் கத்தியது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிற கூட்டத்தில் ஒருவர் குரலும் காதில் விழாததைப் போல, அந்தப் படத்தில் பூவின் நிறம் கண்ணில் விழவில்லை.

இங்கே நிறப்பெயர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் ஓவியனுக்குப் பெயர்தான் முதல் தூரிகை. பள்ளிக்கூடத்தில் நாம் ஊதா என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொண்டு, அதையே நீலத்தின் பக்கம் சாய்ந்ததற்கும் சிவப்பின் பக்கம் சாய்ந்ததற்கும் சேர்த்துப் பயன்படுத்துகிறோம். சேலை வாங்கும் பெண்கள் அப்படிச் செய்வதில்லை. அவர்களுக்கு வாடாமல்லி வேறு, கத்தரிப்பூ வேறு, நாவல்பழம் வேறு, மயில்கழுத்து வேறு. வாடாமல்லி சிவப்பை நோக்கிச் சாய்ந்தது. கத்தரிப்பூ வெளிர்ந்து நடுவில் நிற்பது. நாவல்பழம் கறுப்பை நோக்கி இறங்குவது. வேலியில் படரும் சங்குப்பூவோ நீலத்தின் பக்கம் இருப்பது. இந்த வேறுபாடு ஓவியத்தில் அழகுக்கான நுணுக்கம் மட்டும் அல்ல. எதிர்நிறம் எது என்பதையே அது தீர்மானிக்கிறது. ஊதாவுக்கு எதிர்நிறம் மஞ்சள் என்று வண்ணச் சக்கரத்தைக் காட்டி எல்லாரும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அது பாதி உண்மை. அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த பத்து நிறச் சக்கரத்தில், நீல ஊதாவுக்கு நேர் எதிரே மஞ்சளும், நடு ஊதாவுக்கு எதிரே மஞ்சள்பச்சையும், சிவப்பூதாவுக்கு எதிரே பச்சையும் நிற்கின்றன. அதாவது சங்குப்பூவைத் தூக்கிவிட மஞ்சள் வேண்டும். கத்தரிப்பூவுக்கு எலுமிச்சங்காயின் தோல் வேண்டும். வாடாமல்லிக்கு இலையே போதும்.

சக்கரத்தை நம்பாதவர்கள் கண்ணையே கேட்டுக்கொள்ளலாம். நல்ல வெளிச்சத்தில் பூவை அரை நிமிடம் இமைக்காமல் உற்று நோக்கிவிட்டு, உடனே ஒரு வெள்ளைத் தாளைப் பார்த்தால், பூவின் வடிவத்தில் ஒரு மெல்லிய நிறம் சில நொடிகள் மிதக்கும். செண்டுடுக் பூவை அப்படிப் பார்த்தபோது எனக்குக் கிடைத்தது நான் எதிர்பார்த்த எலுமிச்சை மஞ்சள் அல்ல, வாழைக்குருத்தைப் போன்ற மஞ்சள் பாய்ந்த இளம்பச்சை. அந்த ஒரு சோதனைக்குப் பிறகு, பூவின் பின்னால் மஞ்சளை அப்பும் பழக்கத்தை விட்டேன்.

பக்கத்து நிறம் ஒரு நிறத்தை எப்படி மாற்றுகிறது என்பதை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர் ஓவியர் அல்லர். சாயத்தை அறிந்த ஒரு வேதியியலாளர். பாரிஸின் கோப்லென் நெசவாலையில் 1824-இல் சாயப் பிரிவின் பொறுப்பை ஏற்ற மிஷெல் யூஜின் ஷெவ்ரலிடம் ஒரு புகார் வந்தது: நீலத் துணிக்கும் ஊதாத் துணிக்கும் நிழலாக நெய்யப்படும் கறுப்பு நூலில் வலு இல்லை, சாயம் சரியில்லை. அவர் நூலைச் சோதித்தார். சாயத்தில் குறை இல்லை. குறை, அந்தக் கறுப்பு யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதில் இருந்தது. ஒவ்வொரு நிறமும் தன் எதிர்நிறத்தின் சாயலைத் தன் அண்டை நிறத்தின் மேல் பூசிவிடுகிறது என்ற அவருடைய விதி 1839-இல் அச்சாகி, பின்னர் வந்த பிரெஞ்சு ஓவியர்களின் தட்டையே மாற்றியது.

இதைப் படித்த இரவு அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் வியக்கவில்லை. தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போகும்போது கத்தரிப்பூ உடலுக்கு மாம்பழக் கரை போட்டதைத்தான் எடுப்பார் என்றும், அதே உடலுக்கு நீலக் கரை இருந்தால் "துணி அழுக்காத் தெரியும்" என்று தள்ளிவிடுவார் என்றும் எனக்கு நினைவூட்டினார். காஞ்சிபுரத்து நெசவாளர்கள் உடலையும் கரையையும் வெவ்வேறு நிற நூலில் நெய்து கோர்வை போட்டு இணைப்பது வெறும் அலங்காரத்துக்காக அல்ல. உடலின் நிறத்தை உரக்கச் சொல்ல வைப்பதே கரையின் வேலை. பாரிஸில் ஒரு தறியின் பக்கத்தில் எழுந்த கேள்விக்கு நம் தறிகளின் பக்கத்தில் கையாலேயே விடை சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்த விதியிலிருந்து என் கைக்கு வந்த முதல் பாடம் இதுதான்: பூவை முதலில் தீட்டாதே. வெள்ளைக் கேன்வாஸின் மேல் வைக்கும் ஊதா எல்லாம் அடர்த்தியாகத் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து மேலும் வெள்ளையைக் கலப்போம். பின்னணி ஏறிய பிறகு பூ வெளிறிப் போயிருக்கும். ஆகவே இப்போது நான் காவி மஞ்சளில் துளி பழுப்பைச் சேர்த்து, டர்பன்டைனில் நீர்த்து, கேன்வாஸ் முழுவதும் ஒரு மெல்லிய தளம் பூசிக் காய வைக்கிறேன். அதன் மேல் இலைகளையும் நிழல்களையும் வைக்கிறேன். பூவுக்கான இடம் அந்தக் காவித் தளமாகவே கடைசி வரை வெறுமையாக இருக்கும். பிறகு வெள்ளையிலும் கறுப்பிலும் கலந்த சாதாரணச் சாம்பல் நிறத்தை ஓர் இதழின் இடத்தில் வைத்துப் பார்த்தால், மஞ்சள்பச்சைகளின் நடுவில் அந்தச் சாம்பலே இலேசாக ஊதாவாகத் தெரியும். முதன்முதலில் அதைக் கண்டபோது தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, அதை மட்டுமே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். குழாயில் இல்லாத ஊதா அது. இரண்டு நிறங்களுக்கு நடுவில் கண் தானே செய்துகொண்டது. அதற்குப் பிறகு நிழலில் இருக்கும் இதழ்களுக்கு ஊதா குறைந்த சாம்பலே போதும் என்றும், உண்மையான ஊதாவை வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் அந்தக் குறுகிய வளைவுக்கு மட்டும் சேமித்து வைக்கலாம் என்றும் துணிந்தேன்.

பச்சையை அடக்குவது அடுத்த வேலை; இந்த நாட்டில் அதுதான் கடினமான வேலை. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில், உச்சி வெயில் தலைக்கு நேராக இறங்கும்போது, இலையின் மேற்பரப்பு பச்சையாகவே இருப்பதில்லை; வானத்தைப் பிரதிபலித்து ஈயம் பூசியது போல நீலச்சாம்பலாக மின்னும். அதே இலையை வெயிலுக்கு எதிரே, அடியிலிருந்து பார்த்தால், ஒளி ஊடுருவி மஞ்சள்பச்சையாக எரியும். இந்த இரண்டாவது பச்சைதான் செண்டுடுக் பூவின் எதிர்நிறம். ஆகவே மிகுந்த வலிமை உள்ளது. ஆகவே அதைக் கேன்வாஸில் ஓரிடத்தில், மிஞ்சினால் இரண்டிடத்தில், பூவின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு மட்டும் அனுமதிக்கிறேன். மற்ற இலைகளுக்கெல்லாம் அல்ட்ராமரினும் காவி மஞ்சளும் கலந்த மங்கிய பச்சை. அந்தப் பச்சை இன்னும் துள்ளினால், பூவுக்குக் கலந்து வைத்த அதே ஊதாவில் ஒரு நுனி எடுத்து அதில் சேர்ப்பேன். பச்சை உடனே அடங்கும். கறுப்பைச் சேர்த்தாலும் அடங்கும்தான். ஆனால் கறுப்பு சேர்ந்த பச்சை படத்தில் ஒரு பொத்தலைப் போல இருக்கிறது. ஊதா சேர்ந்த பச்சையோ பூவுக்குச் சொந்தக்காரனாகிவிடுகிறது.

எவ்வளவு மஞ்சள், எவ்வளவு ஊதா என்ற கேள்விக்குப் புத்தகங்களில் ஒரு கணக்கு உண்டு. 1919-இலிருந்து ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் நிறம் பயிற்றுவித்த யோஹன்னஸ் இட்டன், மஞ்சளின் ஒளியை 9 என்றும் ஊதாவின் ஒளியை 3 என்றும் கொண்டு, ஒரு பங்கு மஞ்சளுக்கு மூன்று பங்கு ஊதா வைத்தால் இரண்டும் சமநிலையில் நிற்கும் என்று கற்பித்தார். நான் அதைப் பின்பற்றிச் சில படங்கள் தீட்டினேன். அவை சமநிலையில் நின்றன என்பது உண்மை, கொடியில் பறக்கும் பட்டைகளைப் போல. பூவை வரைகிறவனுக்குச் சமநிலை எதற்கு? பூ வெல்ல வேண்டும். செண்டுடுக் செடியே இதை நமக்கு வரைந்து காட்டுகிறது: விரிந்த ஐந்து இதழ்களின் நடுவில், ஒரு விரல் நுனியால் மறைத்துவிடக் கூடிய அளவே மஞ்சள் கேசரங்கள். கருவண்டு தொலைவிலிருந்தே கண்டு வந்து இறங்க அது போதுமானதாக இருக்கிறது. ஆகவே தெளிந்த கேட்மியம் மஞ்சளை நான் கேசரத்துக்கு மட்டுமே வைத்துக்கொள்கிறேன். அதையும் எல்லாம் காய்ந்த பிறகு, கடைசி நாளில், ஐந்து தொடுதலில் முடித்துவிடுகிறேன்.

நிறத்தின் எதிர்ப்பைப் பற்றியே பேசிக்கொண்டு வெளிர்மை அடர்மையை மறந்துவிடுவது எளிது. தூய மஞ்சள் எல்லா நிறங்களிலும் வெளிர்ந்தது, தூய ஊதா எல்லாவற்றிலும் அடர்ந்தது. எனவே இந்த இணையை வைத்தால் வெளிச்ச வேறுபாடும் இலவசமாகவே கிடைக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் வெயில் பட்ட இதழ் அடர்ந்ததாக இருப்பதில்லை. அதை வெளிர வைக்க வெள்ளையைச் சேர்க்கும்போது ஊதாவின் செறிவும் குறைகிறது, பின்னால் இருக்கும் மஞ்சளுக்கும் அதற்கும் இருந்த வெளிச்ச இடைவெளியும் குறைகிறது; இரண்டு இழப்பும் ஒன்றாக நேரும்போதுதான் பூ பின்னணிக்குள் கரைகிறது. இதற்கு நான் கண்ட வழி, வெயில் பட்ட இதழின் பின்னால் அடர்ந்த, கிட்டத்தட்டச் சேற்றுப்பச்சையான நிழலை வைப்பதும், நிழலில் இருக்கும் இதழின் பின்னால் வெளிர்ந்த, மஞ்சள் பாய்ந்த ஒளியை வைப்பதும்தான். ஒரே பூவின் ஒரு பக்கம் இருட்டின் மேல் வெளிச்சமாகவும், மறு பக்கம் வெளிச்சத்தின் மேல் இருட்டாகவும் நிற்கும். கைத்தொலைபேசியில் படத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பார்த்தால், பூ தனியாகத் தெரிகிறதா என்பது ஒரு நொடியில் புலப்பட்டுவிடும். தெரியாவிட்டால் எந்த எதிர்நிறமும் அதைக் காப்பாற்றாது.

பூவுக்குள்ளேயே ஊதா ஒன்றல்ல என்பதை நான் மயில்கழுத்துச் சேலையிலிருந்து கற்றேன். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். எந்த நூலும் மயில்கழுத்து நிறத்தில் இல்லை. துணி அசையும்போது கண்ணில்தான் அந்த நிறம் பிறக்கிறது. அதைப் போலவே வெயில் பட்ட இதழில் குவினாக்ரிடோன் மஜெந்தாவில் வெள்ளை கலந்த ஒரு தீற்றலையும், அதை ஒட்டி அல்ட்ராமரினில் வெள்ளை கலந்த ஒரு தீற்றலையும், இரண்டையும் கலக்காமல், ஈரத்தின் பக்கத்தில் ஈரமாக வைக்கிறேன். பத்தடி தள்ளி நின்றால் அவை சேர்ந்து, எந்தக் குழாயும் தராத ஒரு துடிப்பான ஊதாவாகின்றன. வெயில் படும் பக்கம் மஜெந்தா மிகுந்திருக்கும்; வானத்தை மட்டும் பார்க்கும் நிழல் பக்கம் நீலம் மிகுந்திருக்கும்; ஓர் இதழின் மேல் இன்னோர் இதழ் படிந்து ஒளி இரண்டையும் ஊடுருவும் இடத்தில் கிட்டத்தட்டச் சிவப்பே தெரியும். தூரிகை ஒரே இடத்தை மூன்றாம் முறை தொட்டால் எல்லாம் கலங்கிச் சேறாகிவிடும். அப்படி ஆனால், தட்டுக்கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டுக் காவித் தளத்திலிருந்து மீண்டும் தொடங்குவதே மேல். திருத்தத் திருத்த அது இன்னும் மங்கும்.

நிறம் நிற்குமா என்பதும் இதே விஷயத்தைச் சேர்ந்ததுதான். டச்சு ஓவியர் வான்கோ 1890 மே மாதம் பிரான்ஸின் சென்-ரெமி மனநல மருத்துவமனையை விட்டுப் போகும் முன் இரண்டு ஐரிஸ் படங்கள் தீட்டினார். ஒன்றில் ஊதாப் பூக்களை எலுமிச்சை மஞ்சள் பின்னணியின் மேல் வைத்தார். எதிர்நிறங்கள் ஒன்றையொன்று உயர்த்திப் பிடிப்பதைத் தம்பிக்குக் கடிதத்திலும் எழுதினார். மற்றொன்றில் இளஞ்சிவப்புப் பின்னணி. இன்று ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் முதல் படத்தில் பூக்கள் நீலமாக இருக்கின்றன. நியூயார்க்கில் இருக்கும் இரண்டாவது படத்தின் பின்னணி ஏறத்தாழ வெள்ளையாக இருக்கிறது. அவர் கலந்த சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளுத்துப் போனதே காரணம். நீலத்துக்கு மஞ்சளும் நல்ல துணைதான், படம் இன்றும் மகத்தானதுதான். ஆனால் அவர் தேடிப் பிடித்த அந்த ஒரு குறிப்பிட்ட எதிர்ப்பு இப்போது கேன்வாஸில் இல்லை, கடிதத்தில்தான் இருக்கிறது. இதைப் படித்ததும் நான் ஒரு தாளில் அலிசரின் சிவப்பு கலந்த ஊதா, குவினாக்ரிடோன் கலந்த ஊதா, டயாக்சசின் ஊதா ஆகிய மூன்றையும் வெள்ளையோடு கலந்து பட்டைகளாகப் பூசி, பாதியை அட்டையால் மூடி, கிழக்குச் சன்னல் கண்ணாடியில் ஓராண்டு ஒட்டி வைத்தேன். அட்டையை எடுத்தபோது அலிசரின் பட்டையில் மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் நடுவே ஒரு கோடு தெளிவாகத் தெரிந்தது. டயாக்சசினில் அது இலேசாகத் தெரிந்தது. குவினாக்ரிடோனில் என் கண்ணுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து குழாயின் முன்பக்கத்தில் இருக்கும் அழகான பெயரை நான் படிப்பதில்லை. பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் நிறமி எண்ணைப் படிக்கிறேன். குவினாக்ரிடோனைக் குறிக்கும் பி.வி. 19 என்று இருந்தால் வாங்குகிறேன். வெளிர்ந்த ஊதாக்களைக் குழைக்க ஆளிவிதை எண்ணெயையும் தவிர்க்கிறேன். அது நாளாக நாளாக மஞ்சளிக்கும், மஞ்சள் ஊதாவை உள்ளிருந்தே தின்னும். குசும்பா எண்ணெய் மெதுவாகக் காயும், ஆனால் அவ்வளவு மஞ்சளிக்காது.

உலகத்துக்கு ஊதாச் சாயம் மலிவாகக் கிடைத்த கதை நம் தோட்டங்களையும் ஓரமாகத் தொட்டுச் செல்கிறது. 1856-இல் லண்டனில் 18 வயது வில்லியம் பெர்கின், மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவைக் கரித்தாரிலிருந்து செய்ய முயன்று தோற்றபோது, குடுவையில் எஞ்சிய கசடிலிருந்து பட்டைச் சாயமேற்றும் ஓர் ஊதா கிடைத்தது. அவர் தேடிய மருந்து, பின்னர் மலாயாக் காடுகளை அழித்துத் தோட்டம் போட வந்து காய்ச்சலில் விழுந்த நம் முன்னோர்களுக்கு உயிர்த்தேவையாக இருந்தது. செயற்கை ஊதா ஒன்றைத் தட்டில் பிதுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கசப்பு மருந்து நினைவுக்கு வருகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் பகல் வெளிச்சத்துக்கானது. விடியலுக்கு வேறு நியாயம். அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாலெடுக்கப் பால்மரம் வெட்டியவர். நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே தீம்பாருக்குள், அதாவது ரப்பர்த் தோட்டத்துக்குள், இறங்கியவர். ஒருநாள் நான் செம்பருத்தியையும் செண்டுடுக்கையும் ஒரே படத்தில், விடியற்காலைக் காட்சியாகத் தீட்டியபோது, செம்பருத்தியைக் காட்டி, "அந்நேரத்துக்கு இது இப்படித் தெரியாதுய்யா. கறுப்பா இருக்கும். விளக்கை அணைச்சதும் முதல்ல கண்ணுக்கு வர்றது இந்தச் செண்டுடுக்தான், வெள்ளையா வரும்" என்றார். நான் நம்பாமல், மறுநாள் பொழுது புலரும் நேரத்தில் வாசலில் போய் நின்று பார்த்தேன். அவர் சொன்னபடியேதான் இருந்தது. மங்கிய ஒளியில் கண் சிவப்பை இழந்துவிட்டு நீலத்தின் பக்கத்தையே வெளிச்சமாகக் காண்கிறது என்பதைச் செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்க்கின்யே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறிந்திருக்கிறார். அவரும் விடியலில் பூக்களைப் பார்த்துத்தான் அதை உணர்ந்தார் என்கிறார்கள். அந்த நேரத்துப் படத்துக்கு மஞ்சள் உதவாது; மஞ்சளே அப்போது சாம்பலாக நிற்கும். வெளிர்ந்த, குளிர்ந்த ஊதாவை அடர்ந்த பச்சைச்சாம்பலின் மேல் வைத்து, வெளிச்ச வேறுபாட்டை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது. செம்பருத்தியை நான் கறுஞ்சிவப்பாக இறக்கிய பிறகுதான் அந்தப் படத்தில் பொழுது விடியத் தொடங்கியது.

இப்போது தீட்டிக்கொண்டிருப்பது சாலையோரத்துப் பூங்கோர் மரத்தை. தமிழ்நாட்டில் பூமருது என்பார்கள். அது செண்டுடுக்கைவிடக் கடினமானது, ஏனெனில் ஒரே கொத்தில் இன்று விரிந்த பூ வாடாமல்லியாகவும், நேற்று விரிந்தது கத்தரிப்பூவாகவும், அதற்கும் முந்தையது ஏறக்குறைய வெண்மையாகவும் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்து நிறம் வேறு. கொத்தின் பின்னால் மாலை வெயில் பட்ட வானத்தை மஞ்சளாகப் பரப்பியிருந்தேன். கொத்தை முடித்ததும் அம்மாவை அழைத்துக் காட்டினேன். அவருக்கு இப்போது கண் கொஞ்சம் மங்கல். கிட்டே வந்து பார்த்தார், பிறகு எட்டிப் போய் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், என் திருமணத்துக்குக் கட்டிய கத்தரிப்பூச் சேலையை எடுத்து வந்து, மடிப்பைப் பிரித்து, மாம்பழக் கரையின் மேல் தன் விரல்களைப் படுக்க வைத்தார். நான்கு விரல் அகலம்.

அன்று மாலையே வானத்தின் மஞ்சளைக் கத்தியால் சுரண்டி எடுத்தேன். கொத்துக்கும் கிளைக்கும் நடுவில் நான்கு விரல் அகலத்துக்கு மட்டும் அதை விட்டுவிட்டு, மற்ற வானத்தைக் காவி கலந்த சாம்பலாக்கினேன். மழைக்காலம், வண்ணம் காய நாளாகிறது. கேன்வாஸின் பின்புறத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, சுவரில் ஒட்டாமல் இரண்டு மரக்கட்டைகளின் மேல் நிறுத்தி, காற்றாடியை அதன் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். கேசரங்களுக்கான மஞ்சள் இன்னும் குழாயிலேயே இருக்கிறது.